ஒரு பாட்டும் ஐந்நூறு டொலரும்

கலையைப் பற்றிப் பேசுமிடத்துக் காசைப் பற்றிப் பேசுதல் பண்பாடன்று என்று கருதுவோர் பலர். ஒரு பாட்டின் இசையமைதியை ஆராயலாமாம். அதன் நயத்தை எடுத்துக்காட்டலாமாம். அது பிறந்த மண்ணைப் பற்றி நாலு வார்த்தை உருக்கமாகவும் சொல்லலாமாம். ஆனால், அதைப் பாடியவருக்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்று கேட்டுவிட்டால் அவர்களுடைய முகம் சுளிக்கிறது. அது கணக்கப்பிள்ளையின் வேலை, இரசிகனின் வேலையன்று என்கின்றனர்.

இக்கட்டுரையில் அந்தக் கணக்கப்பிள்ளை வேலையையே நாம் செய்யப்போகிறோம். எடுத்துக்கொண்ட பாட்டு, அமெரிக்காவின் 'றிதம் அன்ட் புளூஸ்' இசை மரபிலே தோன்றி உலகெங்கும் பரந்த 'ஹவுண்ட் டோக்'. வேட்டை நாய் என்பது அத்தலைப்பின் நேர்ப்பொருள். கேட்டோரிற் பெரும்பாலோர் அதனை எல்விஸ் பிறெஸ்லியின் பாட்டென்றே அறிவர். பிறெஸ்லி அதனைப் பதிவு செய்தது 1956 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் திகதி. அதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1952 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு கறுப்பினப் பெண்மணி அப்பாட்டை இசைத்தட்டிற் பாடிவிட்டார். அவர் பெயர் வில்லி மே தோர்ண்ரன். பெரிய உடற்கட்டும் அதனினும் பெரிய குரலும் படைத்த அவருக்கு, 'பெரிய அம்மா' என்னும் பொருள்பட, 'பிக் மாமா' என்ற மேடைப்பெயர் வாய்த்தது.

தோர்ண்ரன் 1926 ஆம் ஆண்டு திசம்பரில் அலபாமா மாநிலத்திற் பிறந்தவர். தந்தை மதபோதகர், தாய் தேவாலயத்திற் பாடியவர். தாய் இளமையிலேயே இறந்துவிட, அச்சிறுமி ஒரு மதுக்கடையிலே எச்சிற் படிக்கம் கழுவும் வேலைக்குப் போனார். ஏறக்குறையப் பதினான்காம் வயதில் ஊரூராகச் சென்று ஆடிப்பாடும் கலைக்குழுவொன்றிற் சேர்ந்தார். மேளம் அடிக்கவும் வாயிசைக் கருவி ஊதவும் தாமாகவே கற்றுக்கொண்டார். அவருடைய சங்கீதக் கல்லூரி தென்மாநிலங்களின் நெடுஞ்சாலைகளே. கறுப்பினத்தவர் உணவுச்சாலையின் முன்வாசலால் நுழையவியலாத காலம் அது. 1948 இல் அவர் ரெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்ரன் நகரிற் குடியேறினார். 1951 இல் அங்குள்ள 'பீக்கொக்' என்னும் இசைத்தட்டுக் கொம்பனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

இங்கே 'றிதம் அன்ட் புளூஸ்' என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். கறுப்பின மக்களுக்கென விற்கப்பட்ட இசைத்தட்டுகளை அமெரிக்க வணிக உலகம் 'இனத் தட்டுகள்' என்றே அழைத்துவந்தது. வியாபார இதழான 'பில்போட்' அப்பெயரைக் கைவிட்டு, 1949 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 'றிதம் அன்ட் புளூஸ்' என்ற பெயரைத் தன் விற்பனைப் பட்டியலுக்குச் சூட்டிற்று. பெயர் மாறியது, வேலி மாறவில்லை. வெள்ளையருக்கு ஒரு பட்டியல், கறுப்பருக்கு இன்னொரு பட்டியல் என்ற பிரிவினை தொடர்ந்தது.

இனிப் பாட்டுக்கு வருவோம். அதை எழுதியோர் ஜெறி லீபர், மைக் ஸ்ரோலர் என்னும் இரு யூத இளைஞர்கள். அப்பொழுது இருவருக்கும் வயது பத்தொன்பது. வாத்தியக் குழுத் தலைவர் ஜொனி ஒற்றிஸின் அழைப்பின்பேரிற் சென்று, தோர்ண்ரன் பாடுவதை நேரிற் கண்டு, அந்த ஆளுக்கும் அந்தக் குரலுக்குமெனவே சில நிமிடங்களில் அதை எழுதியதாக அவர்கள் கூறியுள்ளனர். பாட்டின் பொருள் யாது? தன் உழைப்பில் ஒட்டிக்கிடந்து உண்ணும் ஓர் ஆடவனைப் பெண்ணொருத்தி ஏளனம் செய்து வாசலுக்கு வெளியே துரத்துகிறாள். நாய் என்பது அவனுக்கு அவள் வைத்த பெயர். அதைத் தோர்ண்ரன் பாடியபோது அடங்கிக்கிடந்த ஒரு வர்க்கத்தின் பெண் இடுப்பிற் கைவைத்து நின்று பேசுவது போலிருந்தது. சொல்லை இழுத்தும் நிறுத்தியும் அவர் பாட, கிற்றார் மறுமொழி சொல்ல, இறுதியில் வாத்தியக்காரர் நாய்போல ஊளையிட்டனர். 1953 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த அத்தட்டு, றிதம் அன்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

ஏழு வார முதலிடத்திற்குப் பாடகி பெற்றது என்ன? தமக்கு 500 டொலருக்கு ஒரு காசோலை கிடைத்ததென்றும், அதன்பின் ஒரு சதமேனும் வரவில்லையென்றும் தோர்ண்ரன் பின்னாளிற் பன்முறை சொன்னார்.

*

அப்பாட்டு பிறெஸ்லியிடம் நேராகப் போய்ச் சேரவில்லை. இடையிலே 'பிறெடி பெல்லும் பெல்போய்ஸும்' என்ற வெள்ளையர் குழுவொன்று அதை எடுத்து, 1955 இல் இசைத்தட்டாக வெளியிட்டது. அவர்கள் அதன் சொற்களை மாற்றினர். ஆடவனைத் துரத்தும் பெண்ணின் ஏளனம் களையப்பட்டது. முயல் பிடிக்கத் தெரியாத உண்மையான நாயொன்று பாட்டுக்குள் வந்து குந்தியது. லாஸ் வேகாஸ் நகரத்து மேடையிலே பெல் குழுவினர் அதைப் பாடக் கேட்டு, அவ்வடிவத்தையே பிறெஸ்லி தமதாக்கிக்கொண்டார். சொற்களை மாற்றிய பெல்லுக்கும் பிறெஸ்லியின் தட்டிலே பெயரில்லை.

1956 ஆம் ஆண்டு யூன் 5 ஆம் திகதி தொலைக்காட்சியில் அதனைப் பிறெஸ்லி இடுப்பசைத்துப் பாடியபோது, அமெரிக்க நடுத்தர வர்க்கத்து ஒழுக்கவாதிகள் கொதித்தெழுந்தனர். விளைவு, யூலை 1 ஆம் திகதி இன்னொரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருக்கு வால்நீண்ட கறுப்புக் கோட்டு அணிவித்து, மேடையில் ஒரு நிசமான நாயை நிறுத்தி, அதன் முகத்தைப் பார்த்துப் பாடச் செய்தனர். மறுநாள் அவர் அதனைப் பதிவு செய்தார். மற்றப் பக்கத்துப் பாட்டோடு சேர்த்து அத்தட்டுப் பதினொரு வாரங்கள் பொதுப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

ஒரு பெண்ணின் சினம் நாயின் கதையாகச் சுருங்கிய பின்னரே முழு நாட்டுச் சந்தையும் அதற்குத் திறந்தது. பொருளை இழந்த பின்னரே ஒரு பொருள் பெரும் பண்டமாயிற்று என்பது இங்கு கவனித்தற்குரியது.

*

இவ்வரலாற்றைக் கூறுமிடத்து இரு சாரார் இரு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதற் சாரார் கலை கலைக்காகவே என்போர். பாட்டு எவர் வாயிலும் வாழும், காற்றுக்கு வேலியில்லை, பிறெஸ்லி பாடியதனாற்றான் உலகம் அறிந்தது, ஆதலால் எவருக்கும் நட்டமில்லை என்பது அவர்கள் கூற்று. பாட்டு பலர் வாயில் வாழ்வதை நாமும் விரும்புகிறோம். ஆனால் காற்றுக்கு வேலியில்லை என்பது பொய். வேலி இருந்தது, மிகப் பலமாகவே இருந்தது. தோர்ண்ரனின் தட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே மெம்பிஸ் நகரத்துச் 'சண்' கொம்பனி, றூபஸ் தோமஸ் என்ற கறுப்பினப் பாடகரைக் கொண்டு 'பெயார் கற்' என்னும் மறுமொழிப் பாட்டொன்றை வெளியிட்டது. மெட்டு ஹவுண்ட் டோக்கின் மெட்டே. 'பீக்கொக்' முதலாளி உடனே வழக்குத் தொடுத்தார். அதே 1953 ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; சண் கொம்பனி பணம் செலுத்த நேர்ந்தது. முதலாளியின் உடைமையைக் காக்கச் சட்டத்திற்குச் சில மாதங்களே போதுமாயிருந்தன. 1957 இலும் ஒரு வழக்கு நடந்தது. பாட்டை எழுதியதிலே தமக்கும் பங்குண்டென ஜொனி ஒற்றிஸின் தரப்பு உரிமை கோரியது. எதிர்த்தரப்பில் நின்றது எல்விஸ் பிறெஸ்லியின் பெயர் தாங்கிய ஒரு பதிப்புக் கொம்பனி. ஒற்றிஸ் தரப்புத் தோற்றது. இவ்வழக்குகளிலே மெட்டுக்கு உரியவர் யார், சொல்லுக்கு உரியவர் யார் என்றெல்லாம் ஆராய்ந்தனர். குரலுக்கு உரியவர் யார் என்ற வினா எழவேயில்லை.

இரண்டாஞ் சாரார் நம்மவர். ஆதலின் அவர்களோடு சற்று நிதானமாகப் பேசுதல் தகும். வெள்ளையன் கறுப்பனிடமிருந்து பாட்டைத் திருடினான், கதை முடிந்தது என்று அவர்கள் கூறுகின்றனர். நிறவெறி இக்கதையின் எலும்பும் தசையுமாக இருப்பதை எவர் மறுப்பார்? இரண்டு பட்டியல்களும் இரண்டு சந்தைகளும் நிறவெறியின் படைப்புகளே. ஆயினும், இவ்விடை பாதி உண்மையே. பாட்டை எழுதியோர் கறுப்பரல்லர். பிறெஸ்லியோ மிசிசிப்பியின் ஏழை வெள்ளையர் வீட்டிற் பிறந்து பாரவண்டி ஓட்டியவர். 1955 இல் அவருடைய ஒப்பந்தத்தையே சண் கொம்பனி 35,000 டொலருக்கு ஆர்.சி.ஏ. கொம்பனிக்கு விற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோர்ண்ரனுக்கு 500 டொலர் கொடுத்துக் கணக்கை மூடிய 'பீக்கொக்' முதலாளி டொன் றோபி ஒரு கறுப்பினத்தவர்.

கறுப்பினத்தவர் ஒருவர் அந்நாளில் இசைத்தட்டுக் கொம்பனி நடத்தியது சாதனையே. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதே றோபி, 'டெட்ரிக் மலோன்' என்னும் புனைபெயரில் எத்தனையோ பாட்டுகளின் ஆசிரியர் உரிமையைத் தம்பேரிற் பதிந்துகொண்டவர். லீபருக்கும் ஸ்ரோலருக்கும் அவர் அளித்த 1,200 டொலர்க் காசோலைக்குப் பணம் கொடாதபடி வங்கிக்குத் தடைவிதித்தார் என்று அவ்விருவரும் கூறியுள்ளனர். தன் இனத்தவன் முதலாளியாகிவிட்டாற் சுரண்டல் ஒழிந்துவிடும் என்று நம்புவோர், டொன் றோபியின் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். திருட்டு ஒரு மனிதனின் குணக்கேட்டால் மட்டும் நிகழ்ந்திருப்பின் அதனைப் பழித்துவிட்டு நாம் போய்விடலாம். இங்கு நிகழ்ந்ததோ சட்டப்படி நிகழ்ந்தது.

*

அந்தச் சட்டத்தைப் பார்ப்போம். 1909 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டின் சொல்லையும் மெட்டையும் உடைமையாக ஏற்றது. உரிமையாளரின் இசைவோடு ஒருமுறை தட்டில் வந்த பாட்டை, அதன்பின் எவரும் பதிவு செய்யலாம்; தட்டொன்றுக்கு இரண்டு சதம் செலுத்தினாற் போதும். அந்த இரண்டு சதம் போவது பதிப்புக் கொம்பனிக்கும் அதன்வழிப் பாட்டாசிரியருக்குமே. பாடியவருக்கு அதிற் பங்கில்லை. அவருக்கு உள்ளதெல்லாம் தம் கொம்பனியோடு செய்த ஒப்பந்தம் மட்டுமே. அந்த ஒப்பந்தங்களோ பதிவுச் செலவு, வாத்தியக்காரர் கூலி முதலியவற்றைப் பாடகரின் கடனாக எழுதும் வழக்கமுடையவை. எத்தனை தட்டு விற்றது என்னும் கணக்கும் முதலாளியின் மேசை இழுப்பறைக்குள்ளேயே இருந்தது.

குரலின் பாங்கு, சொல்லை நீட்டி மடக்கும் முறை, வாத்தியங்களின் அமைப்பு என்பன சட்டத்தின் கண்ணுக்கு உடைமையல்ல. 1950 இல் கலிபோர்ணியாவில் ஒரு வழக்கு நடந்தது. கறுப்பினப் பாடகி போலா வாட்சனின் தட்டொன்றை, வெள்ளையினப் பாடகியைக் கொண்டு 'டெக்கா' கொம்பனி அப்படியே பின்பற்றியது என்பது முறைப்பாடு. அத்தகைய இசையமைப்புக்குத் தனியுரிமை இல்லையென நீதிமன்றம் தீர்த்தது. 1955 இல் லவேர்ண் பேக்கர் என்ற கறுப்பினப் பாடகி, தம் 'ருவீடில் டீ' என்னும் பாட்டின் அமைப்பை ஜோர்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளையினப் பாடகி அடியொற்றிப் பாடிப் பெருவிற்பனை பெற்றது கண்டு, மிச்சிகன் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் சாள்ஸ் டிக்ஸிற்குக் கடிதம் எழுதினார். 1909 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துக என்பது அவர் கோரிக்கை. சட்டம் அசையவில்லை.

ஒலிப்பதிவுக்கே கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது 1972 பெப்ரவரி 15 முதல்தான். அதுவும் தட்டைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைத் தடுத்ததேயன்றி, பிறர் அதைப்போலவே பாடுவதைத் தடுக்கவில்லை. பிறர் பாடுவதைத் தடுக்க வேண்டுமென்பது நம் வாதமுமன்று. அவ்வாறு தடுத்தால் நாட்டார் மரபே பட்டுப்போகும். பாடியவருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பதே நம் வாதம். 1995 இல் எண்மான ஒலிபரப்புக்கு மட்டும் அப்பங்கு சட்டத்தில் இடம்பெற்றது. 1972 க்கு முற்பட்ட ஒலிப்பதிவுகளுக்கு அது 2018 இலேதான் விரிந்தது. சாதாரண வானொலி நிலையம் ஒரு தட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் உண்டு; பாடியவருக்கு இல்லை. அமெரிக்காவில் இந்நிலை இன்னும் மாறவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? காகிதத்தில் எழுதப்பட்டதை விற்கலாம், வாங்கலாம், மரபுரிமையாக விடலாம், அது மூலதனம். தொண்டையிலிருந்து வருவதோ அன்றாட உழைப்பு. அதற்குக் கூலி கொடுத்தாற் போதும். கட்டடத்திற் கல் சுமந்தவனுக்குக் கட்டடத்திற் பங்கில்லை என்ற அதே நியாயம் பாட்டிற்கும் பொருத்தப்பட்டிருக்கிறது.

*

இங்கே ஒருவர் குறுக்கிடக்கூடும்: "தோர்ண்ரன் பாட்டை எழுதவில்லையே? எழுதியிருந்தால் அவருக்கும் பணம் வந்திருக்குமே?" இதற்கு மறுமொழியாக அவருடைய வாழ்க்கையிலேயே இன்னொரு பாட்டு உண்டு. 'போல் அன்ட் செயின்' என்னும் பாட்டைத் தோர்ண்ரன் தாமே எழுதினார். 1960 களின் முற்பகுதியில் ஒரு சிறு கொம்பனிக்காக அதைப் பதிவு செய்தார். கொம்பனி தட்டை வெளியிடவில்லை. ஆனால் பதிப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1967 இல் மொன்ரறே இசை விழாவில் ஜனிஸ் ஜொப்ளின் அதனைப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். அடுத்த ஆண்டு அப்பாட்டு இடம்பெற்ற நெடுந்தட்டு அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்தது. ஜொப்ளின் தோர்ண்ரனை மனமாரப் போற்றியவர். அவரிடம் நாம் குறைகாணவில்லை. எனினும், அத்தட்டின் பதிப்புரிமைப் பணம் எழுதியவருக்கு வரவில்லை. பாடிய பாட்டிலே, எழுதவில்லை என்பதால் இல்லை. எழுதிய பாட்டிலே, உரிமைப் பத்திரம் கையில் இல்லை என்பதால் இல்லை. எந்த வாசலால் நுழைந்தாலும் அவருக்குக் கதவு அடைபட்டிருந்தது.

"அவர் விரும்பித்தானே கையொப்பமிட்டார்?" என்பது இன்னொரு வினா. எச்சிற் படிக்கம் கழுவிய கையிலே ஒரு பேனாவைக் கொடுத்து, இதில் ஒப்பமிடு, இன்றேல் தட்டு இல்லை என்று சொல்வதற்குச் 'சுதந்திர ஒப்பந்தம்' என்று பெயரிடுவோர், சுதந்திரம் என்ற சொல்லை முதலாளியின் அகராதியிற் படித்தவர்கள்.

புகழே போதிய கூலி என்பாருக்கு அவருடைய முடிவே விடையளிக்கும். பல்லாண்டு மதுப்பழக்கமும் நோயும் அந்தப் பெரிய உடலை உருக்கிவிட்டன. 1984 ஆம் ஆண்டு யூலை 25 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாடகை விடுதியொன்றில் வில்லி மே தோர்ண்ரன் இறந்தார். வயது ஐம்பத்தேழு. இறுதிச் சடங்கை நடத்தியவர், அப்பொழுது மதபோதகராகியிருந்த அதே ஜொனி ஒற்றிஸ். அமெரிக்க 'றொக் அன்ட் றோல்' புகழ்மண்டபத்தினர் 2024 இல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, அவரைத் தம் வரிசையிற் சேர்த்துக்கொண்டனர். மாலை பெரியது, கழுத்துத்தான் இல்லை.

*

அப்படியாயின் ஒன்றும் செய்யவியலாதா? செய்யவியலும். றூத் பிறவுண் என்ற பாடகியின் வரலாறு அதற்குச் சான்று. 1950 களில் 'அற்லான்ரிக்' கொம்பனியை வளர்த்த குரல் அவருடையது. அக்கொம்பனியை 'றூத் கட்டிய வீடு' என்றே இசையுலகம் அழைத்தது. அவரோ 1960 களிற் பிறர் வீட்டில் வேலை செய்தும் பாடசாலைப் பேருந்து ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. சட்டத்தரணி ஒருவரின் துணையோடு, தம் தட்டுகளின் கணக்கைக் காட்டுக என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டார். 1988 இல் அற்லான்ரிக் கொம்பனி பணிந்தது. அவருடைய கணக்கோடு பிற முதிய கலைஞர்கள் பலரின் கணக்குகளையும் திருத்தி, பழைய 'கடன்களை' நீக்கிப் பணம் வழங்க இசைந்தது. வறிய கலைஞர்களுக்கு உதவும் 'றிதம் அன்ட் புளூஸ்' நிதியமும் அப்போராட்டத்தின் பயனாகவே தோன்றிற்று. தோர்ண்ரன் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்.

றூத் பிறவுண் முதலாளியின் இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திற என்றார். தமக்கு மட்டும் கேட்டு ஒதுங்கிவிடாமற் பிறருக்காகவும் கேட்டார். வெற்றியின் காரணம் இதுவே.

இசை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் இதிலிருந்து ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். ஒரு பாட்டைப் பற்றிப் படிக்கும்போது, எழுதியவர் யார், பாடியவர் யார், எந்த ஆண்டு என்ற மூன்று வினாக்களோடு நின்றுவிடாதீர்கள். பத்திரம் யார் கையில் இருந்தது, பணம் யாரிடம் போயிற்று என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டால், ஹவுண்ட் டோக் என்னும் பாட்டின் முழு அர்த்தமும் நமக்கு விளங்கும். பிறர் உழைப்பில் ஒட்டிக்கிடந்து உண்பவனை வாசலுக்கு வெளியே துரத்தும் பெண்ணின் பாட்டு அது. அதைப் பாடியவரின் உழைப்பில் ஒட்டிக்கிடந்து உண்டவர்களை எவரும் துரத்தவில்லை. அந்த வேலை இன்னும் முடியவில்லை.